அழிக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கின் கணக்கைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதோடு, பல வருடங்களாகத் தொந்தரவு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களுக்கும் புது இயங்குதளம் தேவைப்பட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 வசதி இல்லாத இயந்திரம் வைத்திருப்பவர்கள் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று வேறு வழி தேடுகிறார்கள். ஜெராக்ஸ் கடை, மருந்துக்கடையின் பில் மேசை, ஆடிட்டர் அலுவலகம், கல்லூரி மாணவரின் அறை என்று எல்லா இடத்திலும் இந்த வேலை நடக்கிறது. பென் டிரைவைச் செருகி, மொழியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்தியதும் திரையில் ஒரு வாக்கியம் வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது: இந்த வட்டில் விண்டோஸை நிறுவ முடியாது.

கூடவே ஓர் எண். ஒருவருக்கு 80300024, இன்னொருவருக்கு 80070057. சில இயந்திரங்களில் எண்கூட வராது. வட்டுகளின் பட்டியல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும். சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனால் என்ன பதில் வரும் என்பது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலருக்கும் தெரியும். “ஒண்ணுமில்ல சார், ஃபுல்லா ஃபார்மட் போட்டுட்டா சரியாயிடும்.”

பல நேரம் சரியாகியும் விடுகிறது. சிக்கலே அதுதான்.

சரியானதுபோல் தோன்றும் அந்த வேலையில் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் போகின்றன. கடையின் பல வருட டேலி கணக்கு போகிறது. ஆய்வு மாணவர் எழுதி முடித்த அத்தியாயங்கள் போகின்றன. அதைவிட மோசம், ஆயுள் முடியப்போகும் ஒரு ஹார்ட் டிஸ்க் ‘சரிபார்த்தாயிற்று’ என்ற பெயரோடு வீடு திரும்பி, அடுத்த சில மாதங்களுக்குப் புதிய கோப்புகளை வாங்கி வைத்துக்கொள்கிறது.

இதற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டிய நிறுவி மென்பொருளே வாயைத் திறப்பதில்லை. ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கணக்கு எழுதி வைத்திருக்கிறது, 1990களிலிருந்தே அப்படித்தான். அந்தக் கணக்கை வாசித்துக் காட்ட ஒரு திரை போதும். ‘எல்லாவற்றையும் அழிக்கவா?’ என்று கேட்கும் விண்டோஸ் நிறுவி, அழிக்கப்போகும் வட்டு நலமாக இருக்கிறதா என்று ஒரு வரி சொல்வதில்லை. உபுண்டு நிறுவியும் சொல்வதில்லை. இது மாற வேண்டும்.

‘டிஸ்க் எரர்’ என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. வட்டு நிறுவியின் கண்ணிலேயே படாமல் இருப்பது ஒன்று. தெரிந்தும் நிறுவி அதை ஏற்க மறுப்பது இன்னொன்று. ஏற்றுக்கொண்டு கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கி நடுவில் விழுவது மூன்றாவது. முதல் இரண்டிலும் வட்டு முழு ஆரோக்கியத்தோடு இருக்கக்கூடும். அவற்றுக்கும் ஃபார்மட்டையே மருந்தாகக் கொடுப்பதால்தான் இழக்கத் தேவையில்லாதவை இழக்கப்படுகின்றன.

வட்டு தெரியாமல் போவதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தது. சாட்டா வட்டுகளோடு பேசுவதற்கான ஏ.எச்.சி.ஐ. என்ற முறை அதன் பிறகே, 2004-ல், வகுக்கப்பட்டது. அந்த முறை தெரியாத எக்ஸ்பி நிறுவி புதிய இயந்திரங்களில் ‘ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை’ என்று சொல்லும். அல்லது 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். தீர்வு, தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி டிரைவரை ஃப்ளாப்பியில் கொடுப்பது. ஃப்ளாப்பி டிரைவ் மறைந்துகொண்டிருந்த காலம் அது. அதனால் என்லைட் என்ற மென்பொருளைக் கொண்டு டிரைவரை எக்ஸ்பி சிடிக்குள்ளேயே சேர்த்து எழுதி வைத்துக்கொள்வார்கள். அல்லது பயாஸுக்குள் போய் வட்டின் முறையைப் பழைய ஐ.டி.இ.க்கு மாற்றுவார்கள். இந்த வித்தை தெரிந்தவருக்குத் தனி மதிப்பு இருந்தது. தெரியாதவர் நல்ல வட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று விற்றார்.

இருபது வருடம் கழித்து அதே கதை திரும்பி வந்தது. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை லேப்டாப் சிப்கள் 2020-ல் வெளிவந்தன. அவற்றைக் கொண்ட லேப்டாப்கள் பலவற்றில் வி.எம்.டி. என்ற ஏற்பாடு முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கிறது. எஸ்.எஸ்.டி. அந்தச் சிப்பின் பின்னால் மறைந்து உட்கார்ந்திருக்கும். அதை எட்டிப் பார்க்கத் தேவையான இன்டெல் டிரைவர் விண்டோஸின் நிறுவல் பென் டிரைவில் இல்லாதபோது பட்டியல் காலியாகவே இருக்கும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, ஜிப்பைப் பிரித்து, பென் டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ என்பதை அழுத்தினால் வட்டு உடனே வந்து நிற்கும். இது ஐந்து நிமிட வேலை. ஆனால் லேப்டாப் வாங்கியவருக்கு இதைச் சொல்வது யார்? சிப்பைச் செய்தவர், இயங்குதளத்தைச் செய்தவர், இரண்டையும் சேர்த்து விற்றவர் என்று மூன்று பெரிய நிறுவனங்கள் இருந்தும், டிரைவரைத் தேடிப் பிடிக்கும் வேலை வாங்கியவர் தலையில் விழுகிறது. ஃப்ளாப்பி போய் பென் டிரைவ் வந்ததைத் தவிர இதில் முன்னேற்றம் எதுவும் இல்லை.

இதே இடத்தில் உபுண்டு கொஞ்சம் நேர்மையாக நடந்துகொள்கிறது. வி.எம்.டி.யோடு சேர்ந்து வரும் இன்டெல்லின் ஆர்.எஸ்.டி. ஏற்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் அதன் நிறுவி அதைக் கண்டுபிடித்து, ‘இதை அணைத்துவிட்டு வாருங்கள்’ என்று பெயர் சொல்லியே கேட்கிறது. ஆனால் யோசிக்காமல் பயாஸுக்குள் போய் அணைத்துவிடக் கூடாது. ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அந்த ஏற்பாட்டை நம்பி நிறுவப்பட்டிருந்தால், மாற்றியதும் அது எழும்பாமல் போகலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவப்படும் இயந்திரங்கள் பலவற்றில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. தன் லேப்டாப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே தெரியாதவர்கள் ஏராளம். எதையும் தொடுவதற்கு முன் அந்தச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம்.

வட்டு காணாமல் போவதற்கு அதற்குள்ளேயே ஓடும் மென்பொருளும் காரணமாக இருந்திருக்கிறது. சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 வரிசை வட்டுகளில் சில, 2009 தொடக்கத்தில், திடீரென்று பயாஸுக்கே தெரியாமல் போயின. உள்ளே இருந்த தரவு அழியவில்லை. ஃபர்ம்வேர் பிழைதான் வட்டை எழவிடாமல் தடுத்தது. இன்டெல்லின் 320 வரிசை எஸ்.எஸ்.டி.க்கள் 2011-ல், மின்சாரம் திடீரென்று நின்று வந்த பிறகு, வெறும் 8 எம்.பி. கொள்ளளவு என்று தங்களைக் காட்டிக்கொண்டன. எச்.பி.இ. நிறுவனம் 2019-ல், தன் சர்வர் எஸ்.எஸ்.டி.க்களில் சில சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று எச்சரித்துத் திருத்தம் வெளியிட்டது. கணக்கு எழுத ஒதுக்கிய இடம் அந்த எண்ணோடு நிரம்பிவிட்டதே காரணம். எனவே பட்டியலில் வட்டு இல்லை என்றால் முதல் வேலை பயாஸில் அது தெரிகிறதா என்று பார்ப்பது. அங்கே தெரிந்து நிறுவியில் தெரியாவிட்டால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் தெரியாவிட்டால் கேபிள், இணைப்பு, வட்டின் ஃபர்ம்வேர் என்ற வரிசையில் போக வேண்டும்.

அடுத்தது, வட்டு தெரிந்தும் நிறுவி ஏற்க மறுப்பது. ‘இந்த வட்டு ஜி.பி.டி. வகையில் பிரிக்கப்பட்டுள்ளது’ என்றோ, ‘எம்.பி.ஆர். வகையில் உள்ளது’ என்றோ சொல்லிவிட்டு நின்றுவிடும். வட்டில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வைக்கும் இரண்டு முறைகள் இவை. எம்.பி.ஆர். முறை 1983-ல் பி.சி. டாஸ் 2.0-வோடு வந்தது. 32 பிட் எண்களில் எழுதுவதால், வழக்கமான 512 பைட் பிரிவுகளைக் கொண்ட வட்டில் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் அதனால் கணக்கு வைக்க முடியாது. பழைய பயாஸின் இடத்துக்கு வந்த யூ.இ.எஃப்.ஐ. முறையில் எழும்பும் இயந்திரங்களுக்கானது ஜி.பி.டி.

விண்டோஸின் விதி எளிது. யூ.இ.எஃப்.ஐ. வழியாக எழும்பினால் ஜி.பி.டி. வேண்டும், பழைய பயாஸ் வழியாக எழும்பினால் எம்.பி.ஆர். வேண்டும். பல இயந்திரங்களில் பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரியும். ஒன்றின் முன் யூ.இ.எஃப்.ஐ. என்று எழுதியிருக்கும், மற்றதில் இருக்காது. தவறான வரியைத் தேர்ந்தெடுத்தவருக்கு மேலே சொன்ன செய்தி வரும். வெளியே வந்து மற்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் பிழை மறைந்துவிடும். ஒரு பைட் கூட அழிய வேண்டியதில்லை. எம்.பி.ஆரிலிருந்து ஜி.பி.டி.க்குக் கோப்புகளை இழக்காமல் மாறுவதற்கு எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் 2017-ல் விண்டோஸ் 10-லேயே சேர்த்துவிட்டது. இவ்வளவு இருந்தும் நிறுவியின் செய்தி ‘முடியாது’ என்பதோடு நின்றுவிடுகிறது; ‘பூட் மெனுவில் மற்ற வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் எத்தனையோ வட்டுகள் அழியாமல் தப்பியிருக்கும்.

அந்த வாக்கியம் இல்லாத இடத்தில்தான் விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவி நுழைகிறது. கறுப்புத் திரையைத் திறந்து, வட்டின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ‘கிளீன்’ என்று அடித்தால் பார்ட்டிஷன் பட்டியல் முழுவதும் ஒரு நொடியில் போய்விடும். ‘உறுதியாகவா?’ என்று அது கேட்பதுகூட இல்லை. 0 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 1 என்று அடித்து, பேக்கப் எடுத்து வைத்த வெளி வட்டையே துடைத்தவர்கள் இருக்கிறார்கள். வேலை தொடங்கும் முன் மற்ற வட்டுகளையெல்லாம் கழற்றிவிடுவது இதனால்தான் முக்கியம். 80300024 என்ற எண்ணுக்கும் பல நேரம் அதுவே தீர்வாகிவிடுகிறது: இரண்டு மூன்று வட்டுகள் இருக்கும் இயந்திரத்தில், மற்றவற்றைக் கழற்றியதும் நிறுவி சத்தமில்லாமல் ஒத்துக்கொள்கிறது.

பார்ட்டிஷன் பட்டியல் போனதும் எல்லாம் போயிற்று என்று நினைத்துக் கைவிட வேண்டியதும் இல்லை. பட்டா தொலைந்ததால் நிலம் காணாமல் போய்விடுவதில்லை. கல்லும் வரப்பும் அங்கேயே இருக்கும். சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்ட் டிஸ்க்கில் குவிக் ஃபார்மட்டுக்குப் பிறகும் கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி அந்த எல்லைகளைத் தேடிப் பிடித்துப் பட்டியலைத் திரும்ப எழுதிக் கொடுக்கும். ஒரே நிபந்தனை, அதற்குள் புது இயங்குதளத்தை அதன் மேல் எழுதியிருக்கக் கூடாது. எஸ்.எஸ்.டி.யில் இந்த ஆறுதல் கிடையாது. ஃபார்மட் செய்யும்போதே ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்ற டிரிம் கட்டளை போய்விடுகிறது, எஸ்.எஸ்.டி. தன் போக்கில் அவற்றைத் துடைத்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் காலத்துத் துணிச்சலை எஸ்.எஸ்.டி. காலத்துக்குக் கொண்டுவரும் கடைக்காரர்கள் இதைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி மூன்றாவது வகை. நிறுவல் பாதி வரை போகும், அங்கேயே கால் மணி நேரம் நிற்கும், பிறகு உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று விழும். ஃபார்மட் போட்டால் ‘சரியாகிவிடுகிற’ மர்மம் இந்த வகையில்தான் ஒளிந்திருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி பழுதானால் வட்டு அதை உடனே கைவிடுவதில்லை. படிக்க முயன்று முயன்று பார்க்கும். வீட்டு உபயோக வட்டுகள் இதில் வெகு நேரம் செலவிடும். திரை ஒரே சதவீதத்தில் உறைந்து நிற்பது இதனால்தான். படிக்கவே முடியாவிட்டால் அந்த இடத்தை ‘காத்திருப்பு’ என்று குறித்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருந்த தரவு என்னவென்று தெரியாததால் தானாக அதை மாற்றிவிட முடியாது. யாராவது அந்த இடத்தில் புதிதாக எழுதும்போதுதான் ‘பழையது இனி வேண்டாம்’ என்று வட்டுக்கு உறுதியாகிறது. எழுதியது நிற்காவிட்டால், சேமிப்பாக ஒதுக்கி வைத்திருக்கும் நல்ல இடம் ஒன்றை அதற்குப் பதிலாகத் தந்துவிடும். ஃபார்மட்டும் புது நிறுவலும் செய்வது இதைத்தான்: வட்டில் எழுதுகின்றன. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் வட்டு முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது. எழுத எழுதப் பழுதான இடங்கள் மாற்றப்படுகின்றன, பிழைச் செய்தி மறைகிறது, கம்ப்யூட்டர் எழும்புகிறது, வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். பழுதுக்குக் காரணமான தட்டும் தலையும் அப்படியே இருக்கின்றன.

அப்படி ஒரு வட்டு எவ்வளவு நாள் தாங்கும்? இதற்குக் கிடைத்த தெளிவான பதில்களில் ஒன்று கூகுளிலிருந்து வந்தது. எட்வார்டோ பின்ஹெய்ரோ, வோல்ஃப்-டீட்ரிச் வெபர், லூயிஸ் ஆந்த்ரே பரோசோ மூவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, கூகுள் நிலையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை அலசியது. தன்னைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட வட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே இல்லாத வட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். ஓர் இடம் மாற்றப்பட்ட வட்டுக்கு அது 14 மடங்கு. கடையிலிருந்து ‘சரியாகி’ வந்த வட்டு இந்த வரிசையில்தான் நிற்கிறது.

அந்த மூவரும் பயன்படுத்திய எண்களைத் தருவது ஸ்மார்ட் என்ற ஏற்பாடு. ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கிலும் அது இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை 9-ஆம் எண் காட்டும். மாற்றப்பட்ட இடங்களை 5-ஆம் எண்ணும், காத்திருப்பில் உள்ளவற்றை 197-ஆம் எண்ணும் சொல்லும். 199-ஆம் எண் தனிச் சிறப்புடையது: வட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் தரவு சிதைந்த எண்ணிக்கை அது. 5-ம் 197-ம் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால், குற்றவாளி பெரும்பாலும் தளர்ந்துபோன சாட்டா கேபிள்தான். ஒரு கேபிளை மாற்றினால் தீரும் விஷயத்துக்காக வட்டையே துடைப்பது, புதிதாக ஒன்று வாங்க வைப்பது இரண்டும் வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் இந்தக் கணக்கைக் காசில்லாமல் காட்டுகின்றன. விண்டோஸ் எழும்பவே மறுத்தாலும், உபுண்டு பென் டிரைவில் ‘நிறுவாமல் முயன்று பார்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘டிஸ்க்ஸ்’ செயலியைத் திறந்து பார்த்துவிடலாம். வட்டில் அது எதையும் எழுதாது.

கணக்கு மோசம் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: கோப்புகளை முதலில் வெளியே எடுப்பது. விண்டோஸின் செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும், கூடாது. சோர்ந்த வட்டை மணிக்கணக்கில் வேலை வாங்கும் கருவி அது, போதாததற்குச் சந்தேகத்துக்குரிய இடங்களில் மாற்றி எழுதியும் விடும். குனு திட்டத்தின் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே உருவானது. நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வேகமாக இன்னொரு வட்டுக்கு நகலெடுத்து, சிரமமானவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் திரும்பி வந்து முயலும். உள்ளே டக் டக் என்ற சத்தம் கேட்டால் அதையும் செய்யக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் போக வேண்டும்.

வட்டின் பெயரில் வரும் பிழைக்கு வட்டு காரணமே இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. மலிவாக வாங்கிய போலி பென் டிரைவ் 64 ஜி.பி. என்று சொல்லிக்கொண்டு 8 ஜி.பி.தான் வைத்திருக்கும், அதில் எழுதிய நிறுவல் கோப்புகள் பாதியில் குப்பையாகிவிடும். ரேம் பழுதாக இருந்தால் நகலெடுக்கும் வழியிலேயே கோப்பு கெடும். இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பே முழுமையாக வந்திருக்காது. உபுண்டுவின் பழைய நிறுவி இந்த இடத்தில் காட்டிய செய்தியைப் பாராட்டியே ஆக வேண்டும். ‘சிடி அல்லது சிடி டிரைவ் பழுதாக இருக்கலாம், ஹார்ட் டிஸ்க் பழுதாக இருக்கலாம், சிடியைத் துடையுங்கள், குறைந்த வேகத்தில் எழுதிப் பாருங்கள், ஹார்ட் டிஸ்க் பழையதா என்று பாருங்கள், கம்ப்யூட்டரைக் குளிர்ச்சியான இடத்துக்கு நகர்த்துங்கள்’ என்ற பொருளில் அது பேசியது. எண்ணுக்குப் பதில் மனிதருக்குப் புரியும் பேச்சு, அடுத்து என்ன செய்வது என்ற வழி. அந்த நாலு வரியை எழுதிய நிரலாளர், முன்பின் தெரியாத ஒருவர் சென்னையிலோ தேனியிலோ இரவு பதினொரு மணிக்குத் திரையின் முன் திகைத்து உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

நிறுவும் முன் வட்டின் உடல்நிலையைச் சொல்வது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆப்பிள் அதைச் செய்கிறது. ஸ்மார்ட் கணக்கு மோசமாக உள்ள வட்டில் மேக் இயங்குதளத்தைப் போட முயன்றால், இந்த வட்டில் நிறுவ முடியாது, இதில் சரிசெய்ய முடியாத வன்பொருள் கோளாறு உள்ளது, எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வட்டை மாற்றுங்கள் என்று சொல்லிவிடுகிறது. மைக்ரோசாஃப்டுக்கும் இது தெரியாத வித்தை இல்லை. விண்டோஸ் 11-ன் செட்டிங்ஸில், என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.க்களுக்கு, மீதமுள்ள ஆயுளையும் வெப்பநிலையையும் காட்டும் பக்கம் இருக்கிறது. நிறுவி முடித்த பிறகு காட்டத் தெரிந்ததை, அழிப்பதற்கு முன் ஏன் காட்டக் கூடாது?

ஸ்மார்ட்டை நம்ப முடியாது என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதே கூகுள் ஆய்வில், செயலிழந்த வட்டுகளில் 56 சதவீதத்தில் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றுகூட முன்னதாகத் தென்படவில்லை. கணக்கையே திருத்தும் மோசடியும் நடந்திருக்கிறது. பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் வட்டுகள், ஸ்மார்ட் கணக்கு அழிக்கப்பட்டு, புதியவை என்று விற்கப்பட்டதை ஜெர்மனியின் ஹைசே செய்தித் தளம் 2025 ஜனவரியில் வெளிக்கொண்டு வந்தது. ஆகவே கணக்கு நன்றாக இருப்பதால் வட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்கு மோசமாக இருந்தால் அந்த வட்டை நம்பக் கூடாது என்பது உறுதி. மீதி 44 சதவீதத்தில் முன்னறிவிப்பு இருந்தது. அந்த அறிவிப்பை உரியவரிடம் சேர்க்காமல் வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மைக்ரோசாஃப்ட் அசையும் வரை இங்கே சும்மா இருக்க வேண்டியதில்லை. லினக்ஸ் நிறுவிகளின் நிரல் திறந்து கிடக்கிறது; ஸ்மார்ட்மான்டூல்ஸும் சுதந்திர மென்பொருள். பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளத்தை உருவாக்கிய, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் மையம் சென்னையிலேயே இருக்கிறது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்ப ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து மாணவர் கைக்குப் போனது. அந்த லேப்டாப்கள் சில வீடுகளில் இன்னும் ஓடுகின்றன, அதே பழைய ஹார்ட் டிஸ்க்கோடு. பார்ட்டிஷன் திரைக்கு முன்னால், ‘இந்த ஹார்ட் டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் உள்ளன. உங்கள் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பிறகு தொடரவும்’ என்று தமிழில் ஒரு திரையைச் சேர்ப்பது சி-டாக்கின் ஆற்றலுக்கு மிகச் சிறிய வேலை. அப்படி ஒரு திரை இங்கிருந்து தொடங்கினால் டெபியனும் உபுண்டுவும் அதை எடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

கடைகளில் இதற்கு மென்பொருள்கூட வேண்டாம். கம்ப்யூட்டரை வாங்கி வைக்கும்போது சார்ஜர், பை என்று எழுதித் தரும் அதே சீட்டில் இன்னும் இரண்டு வரி போதும்: ஸ்மார்ட்டின் 5, 197, 199 எண்கள் என்ன, கோப்புகளை அழிக்க வாடிக்கையாளர் சம்மதித்தாரா. சேவைக் குறைபாட்டுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்காமல் அழித்த தரவு குறித்து ஒருவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், கையெழுத்தோடு உள்ள அந்தச் சீட்டு இருவருக்குமே ஆவணமாகும். நல்ல கடைக்காரர்கள் சிலர் இப்போதே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திரையைப் படம் பிடித்து வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். எண்கள் மோசமாக இருந்தால் பழைய வட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, புது இயங்குதளத்தைப் புது எஸ்.எஸ்.டி.யில் போடுகிறார்கள், கோப்புகளைப் பழைய வட்டிலிருந்து நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.